ஆள் வருது

டிரோனின் மூளையான போர்டைக் கம்ப்யூட்டரில் செருகியிருந்தார்கள். இரண்டும் பேசிக்கொண்டிருந்தபோது நடுவே யாரோ வயரைப் பிடுங்கி மறுபடி செருக, போர்டு பதறி ஓடி வந்தது.

கம்ப்யூட்டர் வாசலில் இருந்த ஒரே இடத்தில் துண்டு போட்டு, காவலுக்கு உட்கார்ந்திருந்தது அதன் புரோகிராம். "இங்க ஆள் வருது, தள்ளுங்க."

"யாருங்க?"

"டிரோன் போர்டு. பேசிக்கிட்டே இருந்தது, திடீர்னு காணோம். அதுக்குத்தான் இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்."

"ஐயோ, அது நான்தாங்க! கனெக்ட் ஆகலேன்னா என்னைத் தூக்கிப் போட்டுருவாங்க. உள்ள விடுங்க!"

"இடத்தைக் கண்டதும் எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க."

"போர்டு போச்சு, தூக்கிப் போடு" என்று வெளியே குரல் கேட்டது. போர்டின் விளக்கு படபடத்து அணைந்தது.

புரோகிராம் துண்டைச் சரிசெய்துகொண்டு வாசலையே பார்த்தது. "பாவம், எங்க மாட்டிக்கிட்டு நிக்குதோ! வந்தா இடத்துக்கு அலைய வேண்டாம்."