சிவப்பு சுவிட்ச் யாருடைய வேலை

பிஸ்கட் ஆலையில் மற்ற எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மாவு பிசையும் மெஷின் ரெஜினாவின் துப்பட்டாவைக் கவ்வி இழுத்தது. இரண்டு கையாலும் கழுத்துத் துணியைப் பிடித்துக்கொண்டு, "சார், நிறுத்துங்க சார்!" என்று அலறினாள்.

சூப்பர்வைசர் வேலாயுதம் பாய்ந்து சிவப்பு சுவிட்சைத் தொட்டார். கை தோள்வரை மரத்துப்போனது.

"இது தொழிலாளியின் வேலை. சூப்பர்வைசர் செய்யக்கூடாது என்பது நிர்வாகமும் சங்கமும் போட்ட ஒப்பந்தம்," என்றது அவர் மணிக்கட்டில் ஆலை கட்டிவிட்டிருந்த கண்காணிப்புப் பட்டை.

"உயிர் போகுதுடா!"

"ஆபத்து என்றால் விதிவிலக்கு உண்டு. இது ஆபத்துதானா என்று நிர்வாகத்தையும் சங்கத்தையும் கேட்டிருக்கிறோம். பதில் வரவில்லை."

 வேலை கற்றுக்கொடுக்க மட்டும் ஒப்பந்தத்தில் தடையில்லை என்பது அவருக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது.

"கத்துக்கொடுக்கிறேன்! ரெஜினா, பாரும்மா, இதை இப்படித்தான் அமுக்கணும்!"

கைக்கு உயிர் வந்தது. அமுக்கினார். மெஷின் நின்றது. ரெஜினா தேம்பினாள். துப்பட்டாவை அவிழ்க்க அவர் கை நீட்டியதும் அது மறுபடி மரத்தது.

"பயிற்சி முடியவில்லை," என்றது பட்டை. "இனி தொழிலாளி தானே நிறுத்திக் காட்ட வேண்டும். அதற்காக மெஷினை ஓட்டுகிறோம்."

சுவிட்ச் அவளுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. மெஷின் மறுபடி சுற்றத் தொடங்கியது.