மாமிக்கு ஒதுக்கிய அறை

தொலைக்காட்சியில் அந்த யூதத் தாய் தன் ஐந்து மகன்மாரையும் முத்தமிட்டு வழியனுப்பியபோது, பேனாட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதைக் கண்ட போடில் அவன் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

போடில் ஓய்வுபெற்ற டெனிஷ் ஆசிரியை. டென்மார்க்கின் வைலே நகரில் பேனாட்டின் மாடிக்குக் கீழ்வீட்டுக்காரி. பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று போகிறது என்று பேனாட்டையும் மனைவி மேரிசெலினையும் கோப்பிக்குக் கூப்பிட்டிருந்தாள்.

படத்தில் மகன்மார் ஐந்து நகரங்களில் பெரிய வங்கிக்காரராகிவிட்டார்கள். அரசர்களே அவர்களைத் தேடி வந்தார்கள். தாய் மட்டும், பொழுதுபட்டால் வாசல் பூட்டப்படும் யூதர் தெருவில், அதே பழைய வீட்டில் இருந்தாள்.

“உன்ர அம்மாவும் இப்பிடித்தானே பாத்துக்கொண்டிருப்பா” என்றாள் போடில் டெனிஷில். பேனாட் தலையை மட்டும் ஆட்டினான்.

அவனுடைய தாய் லூர்தம்மா யாழ்ப்பாணத்து இளவாலையில் தனியே இருந்தாள். தமிழ் அகதிகள் குடும்பத்தைக் கூப்பிடுவதை டெனிஷ் அரசாங்கம் நிறுத்திவைத்த நாள்தொட்டு, போடில் அவளுக்காகப் பனியில் பதாகையோடு நின்றாள். தேவாலயத்தில் சொல்லிவைத்தாள். ஞாயிறு மன்றாட்டில் முகம் தெரியாத டெனிஷ்காரரெல்லாம் லூர்தம்மாவின் பெயரைச் சொல்லிச் செபித்தார்கள்.

மற்றத் தமிழர்கள் தங்கள் விண்ணப்பம் என்னாச்சென்று குடிவரவுக் கந்தோருக்கு அடிக்கடி போய் விசாரித்தார்கள். பேனாட் போனதில்லை. போய் என்ன பிரயோசனம் என்பான். மனம் விட்டுப்போச்சு, பாவம் என்று போடில் நினைத்துக்கொண்டாள்.

மேரிசெலின்தான் நம்பிக்கையை விடவில்லை. மகன் மேரிசெலினைக் கட்டவேண்டாம் என்று, கலியாணத்துக்குக் கோயிலுக்கே வராமல் நின்ற மாமிதான் லூர்தம்மா. ஆனாலும் மேரிசெலின் சின்ன அறையை அவவுக்கென்று ஒதுக்கி, கட்டிலும் தடித்த போர்வையும் வாங்கிப் போட்டிருந்தாள்.

படம் முடிந்தது. போடில் அதுவரை அடக்கி வைத்திருந்த செய்தியைச் சொன்னாள். தடை எடுபட்டுவிட்டதாம். கிடப்பில் கிடந்த விண்ணப்பங்களையெல்லாம் எடுத்துப் பார்க்கிறார்களாம். திங்கட்கிழமை தானும் கந்தோருக்குக் கூட வருவதாகச் சொன்னாள்.

மேரிசெலின் எழுந்துபோய் அவளைக் கட்டிப்பிடித்தாள். மாமி வருவதற்குள் அறைக்குப் புதுத் திரைச்சீலை தைக்கவேண்டும் என்றாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

பேனாட் கோப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். சந்தோசத்தில் வாயடைத்துப் போனான் என்றே இருவரும் நினைத்தார்கள்.

“என்னப்பா, ஒண்டும் கதைக்காமல் இருக்கிறியள்?” என்றாள் மேரிசெலின்.

அவனால் மனைவியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. போடில் அவன் தோளில் கைவைத்தாள். அவளுக்கு விளங்காத தமிழில், மெதுவாகச் சொன்னான்.

“உனக்கும் அம்மாவுக்கும் ஒத்துவராது எண்டு நினைச்சன், செலின். நான் விண்ணப்பமே போடேல்லை.”