தொழிலாளர்களே

அவள் 1 என்று தட்டினாள்.

அடுத்தது பெயர். கை நின்றுவிட்டது.

மேசைமேல் தொழிலாளர் துறையின் கடிதம் இருந்தது. காலைத் தபாலில் வந்தது. கட்டட ஒப்பந்ததாரர் சங்கத்தின் மனுவிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து எழுதி, இதைச் சொன்ன தொழிலாளர்கள் யார் யார் என்று கேட்டிருந்தார்கள். கீழே ஓர் அட்டவணை. வரிசை எண், பெயர், தெரிவித்த கருத்து, தற்போது பணிபுரியும் இடம்.

அந்த வாக்கியம்:

"உயரத்தில் பாதுகாப்புப் பட்டை அணிவது வேலைக்கு இடையூறாக இருப்பதாகத் தொழிலாளர்களே தெரிவிக்கின்றனர்."

அவள் எழுதியது.

சங்க அலுவலகத்தில் அவளுக்குத் தட்டச்சு வேலை. பட்டையைக் கட்டாயமாக்கும் விதியை ஆறு மாதம் தள்ளிப்போடச் சொல்லித் தை மாதத்தில் அரசுக்கு மனு போனது. முதலில் அவள் 'தொழிலாளர்கள்' என்றுதான் எழுதியிருந்தாள். செயலாளர் அருணகிரி பேனாவால் புள்ளியை அடித்துவிட்டுக் கொம்பு போட்டார்.

"தொழிலாளர்களேன்னு போடும்மா. அந்த 'ஏ'லதான் எல்லாம் இருக்கு."

அரசு அவகாசம் கொடுத்தது.

நான்காம் மாதம் மருதமுத்து விழுந்தார்.

அவள் கணவர். சென்ட்ரிங் வேலை. மூன்றாவது மாடி. பட்டை இல்லை. கட்டாயமும் இல்லை.

சங்கத்திலிருந்து மாலை வந்தது. அருணகிரியே கொண்டுவந்தார். வாசலில் நின்று அழுதார். அந்த அழுகை பொய்யில்லை.

அவள் விடுப்பில் இருந்த மாதத்தில் இரண்டாவது மனு போயிருக்கிறது. இன்னும் ஆறு மாதம் கேட்டு. தேதியை மட்டும் மாற்றியிருந்தார்கள். மற்றதெல்லாம் அப்படியே.

தொழிலாளர்களே.

அந்தச் சொல்லை மட்டும் பார்த்தால், யாரோ மேடையில் நின்று கூப்பிடுவது போல இருந்தது.

யார் யார்?

ஒருவர்தான்.

தை மாதத்தில் ஒரு காலை. மருதமுத்து இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டார்.

"பெல்ட்டு போடச் சொல்லி சட்டம் வருதாமே. உங்க ஆபீஸ்ல என்ன பேசிக்கிறாங்க?"

நீங்க என்ன சொல்றீங்க என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

"இடுப்புல கயித்தக் கட்டிக்கிட்டு வேல பாக்க நான் என்ன வித்த காட்டுற கொரங்கா?"

சொல்லிவிட்டு, இட்லிக் கையோடு விலாவைச் சொறிந்து காட்டினார். அவளுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு.

அன்று பத்தரை மணிக்கு அதை நல்ல தமிழில் எழுதினாள்.

இன்னொன்றும் சொன்னார்.

"பெல்ட்டுக் கயித்த மாட்டுறதுக்கு மேல ஒரு கம்பி வேணும்ல? அது எங்க இருக்கு?"

இதை எப்போது சொன்னார்?

அன்றேதான் என்றால், அவள் பாதியை விட்டுவிட்டாள். வேறொரு நாள் என்றால், மனு அதற்குள் போய்விட்டது. அல்லது சொல்லவே இல்லையோ. மூன்று மாதமாக நினைத்து நினைத்து அவளே அவர் வாயில் வைத்துவிட்டாளோ.

குரல் கேட்கிறது. முகம் வரவில்லை. அப்போது அவர் கையில் இட்லி இருந்ததா, வண்டிச் சாவி இருந்ததா?

இட்லி என்று தோன்றியது. உடனே சாவி என்று தோன்றியது.

"ஆச்சாம்மா?"

உள்ளறையிலிருந்து அருணகிரி.

"சொன்னது ஒருத்தர்தான் சார்."

"அப்ப இன்னும் மூணு பேரச் சேத்துக்க. பேருக்கா பஞ்சம்? அவன் என்ன வீடு வீடாவா வந்து பாக்கப்போறான்?"

அவள் தட்டினாள்.

மருதமுத்து, த/பெ. பெரியண்ணன்.

கருத்து என்ற கட்டத்தில் இரண்டையும் எழுதினாள். குரங்கையும் கம்பியையும். இந்த முறை நல்ல தமிழாக்கவில்லை.

தற்போது பணிபுரியும் இடம்.

ஒரு சிறு கோடு போட்டாள். கோடு போட்டால் வேலை இல்லாதவர் என்று ஆகிவிடும். ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் இருந்தவரில்லை. அழித்தாள்.

காலமானார் என்று எழுதலாம். அதற்கு முன்னால் 'தற்போது' என்று அச்சாகியிருக்கிறதே.

கடைசியில் அவர் விழுந்த கட்டடத்தின் முகவரியைத் தட்டினாள். மூன்றாவது மாடி என்றும் சேர்த்தாள். கட்டடம் இப்போது ஐந்தாவது மாடிக்கு ஏறிவிட்டது. அவர் ஏறவில்லை.

அருணகிரி தொலைபேசியில் யாருடனோ சிமென்ட் விலை பேசிக்கொண்டிருந்தார். அவள் எப்போதும் போல விரலால் இடத்தைக் காட்டினாள். அவர் எப்போதும் போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

செய்தது சரியா, யாருக்காகச் செய்தோம், ஒன்றும் விளங்கவில்லை. முத்திரை குத்தி உறையில் போட்டு ஒட்டினாள்.

ஐந்தாம் நாள் தொழிலாளர் துறையிலிருந்து அழைப்பு வந்தது. அவள்தான் எடுத்தாள். இளம் குரல். மரியாதையாகப் பேசினார்.

"லிஸ்ட்ல ஒரே ஒரு பேருதான் இருக்கு மேடம். பரவால்ல, நேர்லயே போயி பேசிக்கிறேன். இந்த மருதமுத்து எத்தனை மணிக்குப் போனா சைட்டுல இருப்பாரு?"

அவள் உள்ளறையைப் பார்த்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

"எட்டு மணிக்கெல்லாம் மேல ஏறிடுவாரு சார்," என்றாள்.