முதலாவதாக வருகிறவன்

தொடர்ந்து நான்காவது சனிக்கிழமையும், ரேஸில் மருதமுனையிலிருந்து ஒலுவில் துறைமுகத்துக்கு நௌசரின் சைக்கிள்தான் முதலில் வந்து சேர்ந்தது. கூட்டாளிகள் சுக்ரியும் ஜனுசனும் அரை மணி நேரம் கழித்தே வந்தார்கள். இருவர் முகத்திலும் களைப்பே இல்லை.

"வேணுமெண்டு தோக்கிறீங்களாடா?"

"உன்ட ஓட்டத்துக்கு எங்களால ஈடு குடுக்க ஏலுமா மச்சான்?" என்று சுக்ரி சிரித்தான். ஜனுசன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தன்னை வைத்து ஏதோ விளையாடுகிறார்கள் என்று நௌசருக்குப் பட்டது.

அடுத்த சனிக்கிழமை, நிந்தவூரைத் தாண்டியதும், பின்னால் இருவரையும் காணாமல் அவன் சைக்கிளை வந்த வழியே திருப்பினான். வீதியோரத்து வீடொன்றின் கேற்றடியில் இருவரின் சைக்கிள்களும் நின்றன. அது ஹில்மியின் வீடு. போன வருடம் குறுக்குப் பாதையால் வந்து ரேஸில் ஏமாற்றினான் என்று சண்டை பிடித்து, நௌசர் பேச்சை நிறுத்திய அதே ஹில்மி.

'மூணு பேரும் கூட்டுத்தான்!' கோபத்தோடு உள்ளே போனவன், அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டான்.

கட்டிலில் கிடந்த ஹில்மியின் அசையாத காலைச் சுக்ரி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தான். ஜனுசன் ஹில்மியின் முதுகைத் தாங்கியிருந்தான். மூவரும் நௌசரைக் கவனிக்கவில்லை.

"பாரிசவாதம் வந்து ஒரு மாசமாகுது. இனியாவது நௌசருக்குச் சொல்லுவமே," என்றான் ஜனுசன்.

"வேணாம். பாவம் பாத்து அவன் வரக் கூடாது." ஹில்மிக்கு நாக்குக் குழறியது. பிறகு ஆவலோடு கேட்டான்: "இண்டைக்கும் அவன்தானே முதலாவது?"

நௌசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"இல்ல மச்சான். இண்டைக்கு நான்தான் கடைசி."