சுல்மாவின் கண்கள்

"இன்னிக்குச் சாப்பிட்டாளா?"

பாரீஸ் மிருகக்காட்சி சாலைக்குள் நுழைந்ததும் ஓவியர் ஒக்தாவ் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

"எங்க ஐயா! மோந்துகூடப் பாக்கல" என்று இருமலுக்கு நடுவே சொல்வார் கூண்டுக் காவலர் கஸ்பார்.

ஓவியர் பெருமூச்சு விடுவார். கம்பிகளுக்கு முன்னால் உட்கார்ந்து, நோயில் சுருண்டு கிடக்கும் பெண்சிங்கம் சுல்மாவை கோவாஷ் என்கிற கெட்டி நீர்வண்ணத்தில் தீட்டுவார். மூன்று வாரமாக இதே கதை. தன்னைத் தவிர இந்த ஊரில் சுல்மாவுக்காக வருத்தப்படுகிற ஒரே ஜீவன் இவர்தான் என்று கஸ்பாருக்கு நெஞ்சு நெகிழும். கஸ்பாரோ தன் பங்கு சூப்பைக்கூட அவளுக்கு ஊற்றிவிட்டு, வெறும் வயிற்றோடு வீட்டுக்குப் போகிறவர்.

அன்று கஸ்பார் வாசலுக்கே ஓடிவந்தார்.

"ஐயா, எந்திரிச்சுட்டா! ஒரு குதிரைத் தொடையை முழுசாத் தின்னுட்டு என்னையே பாத்து உறுமுறா! பொழைச்சுக்கிட்டா ஐயா!"

ஓவியரின் முகம் சுண்டிப்போனது.

"என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டாளேப்பா! கண்காட்சிக்கு 'பெண்சிங்கத்தின் கடைசி மூச்சு'ன்னு பேர் குடுத்தாச்சு. கண்ணு மட்டும்தான் பாக்கி. உயிர் போறப்போ பாத்து வரையலாம்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

கஸ்பாருக்கு மறுபடி இருமல் வந்தது. வாயைப் பொத்திய கைக்குட்டையில் ரத்தம்.

ஓவியர் அதையே உற்றுப் பார்த்தார். பிறகு பலகையில் புதுத் தாள் ஒன்றைப் பொருத்திக்கொண்டு, அதே கனிவோடு கேட்டார்:

"நீ இன்னிக்குச் சாப்பிட்டியாப்பா?"