ஆறரை மணி நேரத் தண்ணீர்

"எட்டு மணி நேரம் திறக்கணும்னு கொள்கையில இருக்கு. நீங்க ஆறரை மணி நேரத்துலயே மூடிட்டு, மிச்சத்தைப் பக்கத்து வாய்க்காலுக்குத் திருப்பறீங்க. மூணு நாளா பார்க்கறேன். அவங்க உங்களுக்கு என்ன குடுக்கறாங்க?"

அதிகாரியின் கேள்வியைக் கேட்டு மதகுக்காரரின் மனைவி கணவர் பக்கத்தில் ஓடிவந்து நின்றாள். பெரிய ஆற்றுத் தண்ணீரை எல்லா ஊருக்கும் பங்கு போடும் புதுக் கொள்கை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வந்தவர் அந்த அதிகாரி.

மதகுக்காரர் மதகுச் சாவியைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார்.

"ஏங்க, ஏதாவது சொல்லுங்க. மதகைத் திறக்கத்தான் கஞ்சத்தனம், வாயைத் திறக்கவுமா?" என்றவள் அதிகாரியிடம் திரும்பினாள். "சார், இவருக்கு வீட்டுக் குழாயையே ஒழுங்கா மூடத் தெரியாது. இவரா மதகை மூடி ஊரை ஏமாத்துவார்?"

அவளுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது இதே வாய்க்காலில் தண்ணீர் கடைசியாகப் போய்ச்சேரும் வயல்காரர் வீட்டில். தினமும் மூடுகிற நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா போன் பண்ணுவாள். இவர் தள்ளிப்போய் நின்று, தலையை ஆட்டிவிட்டு வந்து மதகை மூடுவார். என்ன திட்டோ! அந்தக் கோபமெல்லாம் மகள் தலையில்தானே விடியும்?

போன் அடித்தது.

"ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார் அதிகாரி.

"சார், இது வீட்டுப் போன்..."

"போடறீங்களா, வேலையை விட்டுப் போறீங்களா?"

தொலைந்தோம் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சம்பந்தி! இன்னுமா மூடலை? எங்க பக்கம் எல்லார் வயலும் நனைஞ்சாச்சு. இதுக்கு மேல விட்டா பயிர் அழுகிடும். பக்கத்து வாய்க்கால்காரங்க பாவம், காஞ்சு கிடக்கறாங்க. அங்க திருப்புங்க. எட்டு மணி நேரம்னு எழுதினானே ஒரு மகராசன், அவனை ஒரு நாள் இந்தச் சேத்துல நிக்கச் சொல்லுங்க!"

எழுதிய மகராசன் காதைச் சொறிந்துகொண்டார்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றார் மதகுக்காரரிடம்.

"விதியை மீறினது மீறினதுதானே, சார்? வேலை போயிடுமே!"

அதிகாரி தன் தாளில் 'விதிமீறல்' என்று எழுதியிருந்ததை அடித்தார். 'கொள்கை மிகச் சிறப்பாகச் செயல்படுகிறது' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார்.

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அதிகாரி அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தம்மா நம்பரைக் கொஞ்சம் குடுங்க. மத்த மதகுகள்லயும் கொள்கை செயல்படணும்ல?"