மாமியார் தேர்ந்தெடுத்த சண்டை

“கீழ தள்ளியாச்சு. அதுக்கப்புறம் என்ன பண்ணுவீங்க?”

மாமியார் ஜூடோ மாஸ்டரிடம் இப்படிக் கேட்டதும், பக்கத்தில் நின்ற மருமகள் ஓரடி தள்ளிப் போனாள்.

“மேல ஏறி அமுக்கிப் பிடிச்சுக்குவோம்மா. ஆளு அசைய முடியாது.”

“அமுக்கிப் பிடிச்சு?”

“அவ்வளவுதான். பாயைத் தட்டினா விட்டுடுவோம்.”

மாமியார் உதட்டைப் பிதுக்கினார். அமுக்கியதோடு விட்டுவிடுகிற கலை அவருக்குப் போதவில்லை போலிருந்தது. “வேற இடம் பார்க்கலாம், வாம்மா” என்றார், வழக்கம்போல பஞ்சு மாதிரியான குரலில். அந்த வீட்டில் அவர் பேசினால் எல்லாரும் காதை அருகே கொண்டுபோக வேண்டும்.

எல்லாம் மருமகள் தன் வாயால் தேடிக்கொண்டது.

போன வாரம் வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்து, தன் அம்மாவிடம் போனில் தொண்டை கிழியக் கத்தியிருந்தாள். “என்னால முடியலம்மா! என் மாமியார் மனுஷியா, பூனையா? வர்றதும் தெரியல, போறதும் தெரியல! திரும்பினா பின்னாடி நிக்கிறாங்க! ரிட்டயர் ஆகி வீட்டோட வந்ததுலேருந்து எனக்கு நெஞ்சு படபடன்னே இருக்கு!”

கத்தி முடித்துத் திரும்பினாள். பின்னாடி நின்றிருந்தார்.

மாமியார் கையிலிருந்த துணிக்கூடையை ஓசைப்படாமல் கீழே வைத்தார். மருமகள் “அத்தை, அது வந்து…” என்று ஆரம்பித்ததும், உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை, காபியைக் குடித்தபடியே அறிவித்தார். “நான் சண்டை கத்துக்கப் போறேன். எந்தச் சண்டைன்னு பார்த்து முடிவு பண்ணணும். நீயும் கூட வா.”

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். “யாரைம்மா அடிக்கப் போற?”

மாமியார் மருமகளைப் பார்த்துப் புன்னகைத்தார். அதற்குப் பிறகு மருமகளுக்குச் சோறு இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்க நூறு முறை வாயைத் திறந்து, நூறு முறையும் “அத்தை, உப்பு வேணுமா?” என்று கேட்டு மூடிக்கொண்டாள்.

ஜூடோவுக்கு அடுத்து குத்துச்சண்டைக்குப் போனார்கள். அங்கே பயிற்சிக்கு வந்த ஒருவருடைய வாய்க்குள், பல் உடையாமலிருக்க ரப்பர் காப்பை மாட்டினார்கள்.

“வாயை அடைச்சுடறாங்களே! இது வேண்டவே வேண்டாம்” என்று மாமியார் திரும்பிவிட்டார்.

திட்டிக்கொண்டே அடிக்க முடியாதே என்ற கவலையாக்கும் என்று மருமகள் நினைத்துக்கொண்டாள்.

“அத்தை, தாய்ச்சின்னு சீனாக்காரங்க மெதுவாப் பண்ற சண்டை ஒண்ணு இருக்கு. உடம்புக்கு ரொம்ப நல்லதாம்” என்று அவளே கூட்டிப்போனாள். அந்த வேகத்தில் அடி வந்து சேர்வதற்குள் இவள் அம்மா வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது அவள் கணக்கு. பெரிய கூடத்தில் இருபது பேர், துளிச் சத்தமில்லாமல் மிதப்பது போல் கையை நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

மாமியார் வாசலைத் தாண்டவே இல்லை. “ஐயோ, மறுபடி வேலைக்கு வந்த மாதிரியே இருக்கு. வா, போயிடலாம்.”

கடைசியாக, டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த கராத்தே பள்ளி. படியேறும்போதே உள்ளேயிருந்து “ஹாஆய்!” என்று ஒரு முழக்கம். மாமியாரின் முகத்தில் பல்பு எரிந்தது. மிச்சப் படிகளை இரண்டிரண்டாகத் தாவினார்.

உள்ளே ஒருவன் பலகையை இரண்டாக உடைத்தான். பலகை ஏறக்குறைய தன் முதுகு அகலம் இருப்பதை மருமகள் கவனித்தாள்.

“இதான். இதேதான்” என்றார் மாமியார்.

மாஸ்டர் இளைஞர். சிரித்தார். “சும்மா ஒரு குத்து விட்டுப் பாருங்கம்மா. அடிவயித்துலேருந்து சத்தம் வரணும்.”

“எவ்வளவு சத்தம்?”

“உங்களால முடிஞ்ச மட்டும்.”

மாமியார் சுற்றுமுற்றும் பார்த்தார். புடவையை இழுத்துச் செருகினார். முஷ்டியை மடக்கினார். வாயைத் திறந்தார்.

“ஹாஆஆஆஆஆய்!”

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாஸ்டர் இரண்டடி பின்வாங்கினார். கீழே டயர் கடைக்காரர் எதுவோ வெடித்துவிட்டதென்று தெருவுக்கே ஓடிவந்தார். மருமகள் பாய்ந்து மாமியாரின் கையை இறுக்கிக்கொண்டாள்.

“அத்தை, மன்னிச்சுடுங்க! பூனைன்னு சொன்னது தப்பு! ஏதோ வாய் தவறி வந்துடுச்சு! என்னை எது பண்றதா இருந்தாலும் வீட்டுக்குப் போய்ப் பண்ணுங்க!”

மாமியாருக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது.

“அடி அசடே, உன்னை அடிக்கவா இதெல்லாம்? அன்னைக்கு நீ போன்ல கத்தினதைக் கேட்டதும் எனக்கு ஆசையாப் போச்சும்மா! லைப்ரரியில வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து ‘உஷ்’ஷைத் தவிர வேற சத்தம் இந்த வாயிலேருந்து வந்ததே இல்ல. திடீர்னு வீட்டுல கத்தினா பைத்தியம்னுடுவாங்க. இங்க கத்தினா பெல்ட்டே தர்றாங்களே! நீயும் சேர்ந்துக்கோ, உன் தொண்டைக்கு எடுத்த எடுப்புலயே கறுப்பு பெல்ட்தான்!”